ஷாக்கிலிருந்து மீளாத குழந்தையிடம் அட்ரினல் பற்றாக்குறையை எப்போது சந்தேகிப்பது?

இரவுப்பணி_மருத்துவர் கேட்டது:

வணக்கம். தாலுகா நகர் ஒன்றின் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் பணிபுரிகிறேன். பட்டமேற்படிப்பு முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களுக்கு முன் எங்களிடம் வந்த ஒரு குழந்தையைப் பற்றி எழுதி, அதன் பிறகு எனக்குள் தீராமல் இருக்கும் ஐயங்களை இங்குள்ள மூத்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிறந்து 16 நாளான ஆண் குழந்தை. பிறந்தபோது 3.1 கிலோ இருந்தவன், இரவு பதினோரு மணிக்கு எங்களிடம் வந்தபோது 2.5 கிலோதான் இருந்தான். நான்கு நாட்களாகப் பால் குடித்ததையெல்லாம் கக்குகிறான் என்று தாய் சொன்னார். ஊரில் காட்டிய இடத்தில், பால் அதிகமாகக் கொடுப்பதால் எதுக்களிக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கைகால்கள் சில்லிட்டிருந்தன, நெஞ்சை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப ஐந்து நொடிக்கு மேல் ஆனது, நாடித்துடிப்பு 190, குளுக்கோமீட்டரில் சர்க்கரை 38. பச்சிளங்குழந்தையின் செப்சிஸ், அதாவது உடலெங்கும் பரவிய தொற்று, என்றே எடுத்துக்கொண்டு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், சலைன், ஆன்டிபயாடிக் என்று வரிசையாகக் கொடுத்தோம். இரத்த அழுத்தத்தை ஏற்ற டோபமின் தொடங்கி, பிறகு அட்ரினலினும் சேர்த்தோம். சர்க்கரை ஏறுவதும் ஒரு மணி நேரத்தில் மீண்டும் இறங்குவதுமாக இருந்தது. இரத்த அழுத்தம் மட்டும் ஏறவே இல்லை.

ஆய்வகத்திலிருந்து சோடியம் 114, பொட்டாசியம் 8.1 என்று தொலைபேசியில் சொன்னார்கள். சொன்ன கையோடு, 'சாம்பிளில் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோலைஸ் ஆகியிருக்கிறது, மறுபடி எடுத்து அனுப்புங்கள்' என்றார்கள். நானும் அதை ஏற்றுக்கொண்டு மறு சாம்பிள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரம்தான் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. குழந்தையை மாற்றி அனுப்புவதற்காக மேல் மருத்துவமனையை அழைத்தபோது அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, 'விரைப்பை என்ன நிறம்?' என்பது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தோம். விரைப்பையும் முலைக்காம்பும் உடலின் மற்றப் பகுதியைவிடத் தெளிவாகவே கறுத்திருந்தன. அவர் சொன்னபடி இரத்தம் எடுத்து வைத்துவிட்டு 25 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தினோம். விடிவதற்குள் அட்ரினலினைக் குறைக்க முடிந்தது. பின்னர், அட்ரினல் சுரப்பி கார்டிசாலைத் தயாரிக்க முடியாதபோது தேங்கும் 17-ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற பொருளின் முடிவு மிக உயர்வாக வந்தது; உப்பு இழக்கும் வகைப் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி, அதாவது சி.ஏ.எச்., என்று உறுதியானது.

என் ஐயங்கள் இவை. பச்சிளங்குழந்தையிடம் உப்பு அளவாவது காட்டிக்கொடுக்கிறது. ஆனால் நிமோனியாவோ செப்சிஸோ வந்து ஷாக்கில் (இரத்த ஓட்டம் சரிந்து உறுப்புகளுக்குப் போதாத நிலையில்) கிடக்கும் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தையிடம் இதை எப்படி அடையாளம் காண்பது? எங்களிடம் கார்டிசால் முடிவு வர இரண்டு நாள் ஆகும். அந்த எண் இல்லாமலே மருந்து கொடுப்பது சரியா? அப்படியானால் மீளாத ஷாக் எல்லாவற்றுக்கும் ஸ்டீராய்டு கொடுத்துவிடலாமா?

முதியமருத்துவர்_ஐசியூ எழுதியது:

தம்பி, நீங்கள் இழந்த அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்களில் பலரும் இழந்திருக்கிறோம், எழுதுபவர்தான் குறைவு. சிலர் தொலைபேசியில் அழைக்காமலே விடியும்வரை காத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பயிற்சி மருத்துவர்கள் என்னிடம், 'அட்ரினலின்தான் சொட்டுச்சொட்டாக ஓடிக்கொண்டிருக்கிறதே, பிறகு என்ன அட்ரினல் பற்றாக்குறை?' என்று கேட்பதுண்டு. அட்ரினலின் சுரப்பது சுரப்பியின் உட்பகுதி. நாம் பேசுவது புறணியைப் பற்றி. கார்டிசாலும், உடலில் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோனும் அங்கிருந்து வருகின்றன. இரத்தக்குழாயின் சுவர் அட்ரினலினின் கட்டளையைக் கேட்பதற்கே கார்டிசால் வேண்டும். ஆகவே சலைன் போதிய அளவு போய், மருந்தின் அளவை ஏற்ற ஏற்ற அழுத்தம் அசையாமல் நிற்கிறது என்றால், மருந்து போதவில்லையா, அல்லது மருந்தைக் கேட்கும் காது அடைத்திருக்கிறதா என்று ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும்.

நோயுற்ற குழந்தையிடம் இந்தச் சுரப்பி கைவிடுவதற்கு மூன்று வழிகள் உண்டு: பிறவியிலேயே வேலை செய்யாதது, நாம் கொடுத்த மருந்தால் தூங்கிப்போனது, நோயின் கொடுமையால் தள்ளாடுவது. உங்கள் குழந்தை முதல் வகை. அதில் ஆண் குழந்தைகள்தான் தப்பிப்போகிறார்கள். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பின் மாற்றத்தைப் பிரசவ அறையிலேயே யாராவது கவனித்துவிடுவார்கள், ஆண் குழந்தை 'நல்லபடியாக' வீட்டுக்குப் போய் இரண்டாவது வாரத்தில் கக்கிக்கொண்டு திரும்பி வருவான். நம் பகுதியில் இது அரிய நோய் என்றும் நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஐந்து மாநகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது மொத்தத்தில் 5,762 பேருக்கு ஒருவர் என்று வந்த எண்ணிக்கை, சென்னையில் 2,036 பேருக்கு ஒருவர் என்று இருந்தது. பெற்றோர் இருவரிடமும் பழுதுபட்ட மரபணு இருந்தால்தான் குழந்தைக்கு வரும் நோய் இது. தாய்மாமனை, அத்தை மகனை மணக்கும் வழக்கம் உள்ள இடத்தில் அந்த வாய்ப்பு கூடும். உறவில் திருமணமா, இதற்கு முன் இதே வயதில் ஒரு குழந்தை இறந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள் அரை நிமிடத்தில் கேட்டு முடிக்கக்கூடியவை.

கக்கும் ஆண் குழந்தை என்றதும் இரைப்பையின் வெளிவாய்ச் சுருக்கம் என்று அறுவை மருத்துவரை அழைப்பதும் நடக்கிறது. அந்தச் சுருக்கத்தில் பொட்டாசியம் குறையும், இரத்தம் காரத்தன்மை அடையும், சி.ஏ.எச். நோயில் பொட்டாசியம் ஏறும், இரத்தம் அமிலமாகும். ஒரு இரத்த வாயுப் பரிசோதனையில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிரிந்துவிடும். சிறுநீர்த் தொற்றோ சிறுநீர்ப்பாதை அடைப்போ உள்ள கைக்குழந்தையிடமும் இதேபோலச் சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறும். அங்கே கார்டிசால் இயல்பாக இருக்கும், சிறுநீரகம்தான் ஆல்டோஸ்டிரோனுக்குச் செவிசாய்க்காது. அதனால் சிறுநீர்ப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது; ஆனால் அதன் முடிவு வரும்வரை ஹைட்ரோகார்டிசோனை நிறுத்தி வைக்கவும் கூடாது.

நீங்கள் கேட்ட ஒன்று, இரண்டு வயதுக் குழந்தையிடம் நான் அதிகம் தேடுவது இரண்டாவது வழியை. சில ஆண்டுகளுக்கு முன் பதினான்கு மாதக் குழந்தை ஒன்று நிமோனியாவுடன் வந்தது. கொழுகொழுவென்ற கன்னம், பார்த்தவர்கள் எல்லாம் நல்ல போஷாக்கு என்றார்கள். கன்னம் அப்படி உப்பியிருக்க, கைகால்கள் மெலிந்திருந்ததும் நெற்றியோரத்தில் பூனைமயிர் படர்ந்திருந்ததும் யார் கண்ணிலும் படவில்லை. 'ஸ்டீராய்டு ஏதாவது கொடுத்தீர்களா?' என்று கேட்டதற்குப் பாட்டி இல்லை என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அந்தச் சொல் தெரியாது. 'அரிப்புக்கு என்னம்மா தடவினீர்கள்? பையில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள்' என்று கேட்ட பிறகு, துணிப்பையிலிருந்து நசுங்கிய ஒரு களிம்புக் குழாய் வந்தது. குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டுக் களிம்பு. தொடை இடுக்குப் புண்ணுக்கு நான்கு மாதங்களாக ஒவ்வொரு துணி மாற்றும்போதும் தடவி, பத்து நாட்களுக்கு முன் தீர்ந்துபோனதால் நிறுத்தியிருக்கிறார்கள். மருந்துக்கடையில் தானாக வாங்கிக் கொடுக்கும் பீட்டாமெத்தசோன் சொட்டு மருந்தும் இதையே செய்யும். நெஃப்ராட்டிக் நோய்க்குப் பிரெட்னிசோலோன் எடுத்தவர்கள், ஆஸ்துமாவுக்கு உயர் அளவில் உறிஞ்சு மருந்து எடுப்பவர்கள், கைக்குழந்தை வலிப்புக்கு ஏ.சி.டி.எச். (அட்ரினலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) ஊசி போட்டவர்கள், இரத்தப்புற்றுக்கு முதற்கட்டச் சிகிச்சை முடித்தவர்கள் எல்லோரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இவர்களிடம் உப்பு அளவு உங்களைக் காப்பாற்றாது. ஆல்டோஸ்டிரோன் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை நம்பி இருப்பதில்லை என்பதால் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கும், ஏ.சி.டி.எச். மிகாததால் தோலும் கறுக்காது. சர்க்கரை இறங்குவதும், ஷாக் மீளாததும், அந்த மருந்துப் பையும்தான் சாட்சிகள்.

பிட்யூட்டரியே பிறவியில் குறைபட்ட குழந்தைகளும் இதே தோற்றத்தில் வருவார்கள். சர்க்கரை மீண்டும் மீண்டும் இறங்கும் ஆண் குழந்தைக்கு ஆணுறுப்பு மிகச் சிறியதாக இருந்து, மஞ்சள் காமாலையும் வாரக்கணக்கில் நீடித்தால், வேறு எதையும் தேடுவதற்கு முன் இதைத் தேடுங்கள். அவர்களுக்குத் தைராய்டு குறைவும் சேர்ந்திருந்தால் ஹைட்ரோகார்டிசோனுக்கு முன்பாகத் தைராக்ஸினைத் தொடங்கிவிடக் கூடாது. இருக்கும் கொஞ்சக் கார்டிசாலையும் அது வேகமாகச் செலவழித்துவிடும்.

மூன்றாம் வழியைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். அதில் என் கருத்தும் இளையவர்களின் கருத்தும் ஒத்துப்போவதில்லை. கார்டிசால் எண் இல்லாமல் மருந்து கொடுக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் ஒரே வரியில் விடை: இரத்தத்தை எடுத்து வையுங்கள், முடிவுக்குக் காத்திருக்காமல் கொடுங்கள்.

ஆய்வகத்தார் எழுதியது:

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருப்பவன் என்ற முறையில் எங்கள் பக்கத்துப் பிழையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். குழந்தையின் குதிகாலைப் பிதுக்கி எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறுவது அன்றாடம் நடப்பதுதான். ஆனால் சிவப்பணு உடைவதால் சோடியம் 114க்கு இறங்காது. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால், தொலைபேசியில் பேசியவர் 'சாம்பிள் சரியில்லை' என்று முடித்திருக்க மாட்டார். 'பொட்டாசியத்தை மறுபடி பார்க்கிறோம், சோடியத்தை நம்பலாம்' என்று சொல்லியிருப்பார். மறு சாம்பிளுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஈ.சி.ஜி. ஒன்று எடுத்தால், கூரிய உயர்ந்த டி அலை பொட்டாசியம் உண்மையிலேயே ஏறியிருப்பதைச் சொல்லிவிடும். அலை இயல்பாக இருப்பதை மட்டும் வைத்துப் பொட்டாசியம் ஏறவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

சாம்பிள் எடுக்கும் முறை பற்றி: ஹைட்ரோகார்டிசோன் செலுத்துவதற்கு முன் சாதாரணக் குழாயில் 2 மி.லி. எடுத்தால் கார்டிசாலுக்கும் 17-ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனுக்கும் போதும். சீரத்தைப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் அனுப்பலாம். ஏ.சி.டி.எச். பார்க்க வேண்டுமானால் மட்டும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து உடனே பிரிக்க வேண்டும். அந்த வசதி இல்லை என்றால் அதை விட்டுவிடுங்கள், அதற்காகச் சிகிச்சை தாமதமாக வேண்டாம். ஹைட்ரோகார்டிசோன் என்பதே கார்டிசால்தான். செலுத்திய பிறகு எடுத்த இரத்தத்தில் நாங்கள் அளப்பது நீங்கள் கொடுத்த மருந்தை. பிரெட்னிசோலோனும் பல கருவிகளில் கார்டிசாலாகவே கணக்காகிவிடும். டெக்ஸாமெத்தசோன் அப்படிக் குறுக்கிடாது. ஆனால் உப்பைப் பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதால், உப்பை இழக்கும் குழந்தைக்கு அது ஹைட்ரோகார்டிசோனுக்கு ஈடாகாது.

முடிவில் வரும் எண்ணைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். இரத்தத்தில் உள்ள கார்டிசாலில் பத்தில் ஒன்பது பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டின்றித் திரியும் மிச்சம்தான் வேலை செய்கிறது. கடுமையாக நோயுற்ற குழந்தைக்கு ஆல்புமினும் கார்டிசாலைச் சுமக்கும் புரதமும் சரிந்துவிடும்போது மொத்த அளவு குறைவாகத் தெரியும், கட்டற்ற அளவு போதுமானதாகவே இருக்கலாம். ஆகவே ஷாக்கில் இருக்கும் குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம் என்று வந்தால் ஐயமில்லை. 40 என்று வந்தால் பொதுவாகக் கவலையில்லை. 12, 15 என்று வரும் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை அழைத்தால் எங்களாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பச்சிளங்குழந்தைக்கு இரவு பகல் ஏற்ற இறக்கம் இன்னும் அமைந்திருக்காது என்பதால், காலை எட்டு மணி சாம்பிள்தான் வேண்டும் என்று காத்திருப்பதும் வீண்.

எஸ்என்சியூ_சகோதரி எழுதியது:

நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியர். மருத்துவர்கள் எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல இருப்பது கையால் செய்யும் வேலை பற்றியதுதான்.

ஹைட்ரோகார்டிசோன் எந்த மருத்துவமனையின் அவசரப் பெட்டியிலும் 100 மி.கி. தூள் வயலாக இருக்கும். அதில் 2 மி.லி. ஊசித் தண்ணீர் விட்டுக் கரைத்தால் ஒரு மில்லிக்கு 50 மி.கி.; கைக்குழந்தைக்கு 25 மி.கி. என்றால் அரை மில்லி, ஒரு மில்லி சிரிஞ்சில் எடுக்கலாம். 'உடல் பரப்பளவு எவ்வளவு, சதுர மீட்டருக்கு எவ்வளவு' என்று கணக்குப் போடத் தாமதமாவதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று கிலோ குழந்தைக்கு உடல் பரப்பளவு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 மி.கி. என்று போட்டாலும் 20 மி.கி.தான் வரும். அதனால் எங்கள் சுவரில் மூன்று வயதுக்குள் 25, பன்னிரண்டு வயது வரை 50, அதற்கு மேல் 100 என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். நரம்பு கிடைக்கவில்லை என்றால் தொடைத் தசையில் போடலாம் என்பதையும் அதன் கீழே எழுதச் சொன்னவர் எங்கள் பிரிவுத் தலைவர்.

நிறம் பார்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நம் குழந்தைகள் பலரும் மாநிறம் என்பதால், கறுத்திருக்கிறது என்று எழுதினால் 'அப்பா நிறம்' என்று தள்ளிவிடுகிறார்கள். நான் ஈறு, உள்ளங்கை ரேகை, விரல் முட்டி, முலைக்காம்பு, விரைப்பை, ஊசி போட்ட பழைய தழும்பு ஆகியவற்றைப் பார்ப்பேன். தாயின் உள்ளங்கையைக் குழந்தையின் கைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். கொஞ்சம் வளர்ந்த குழந்தை என்றால் கைபேசியில் உள்ள முதல் பிறந்தநாள் படத்தைக் கேட்பேன். 'இப்போது ஆறு மாதமாகத்தான் கறுத்துப்போனான், வெயிலில் ஆடுகிறான்' என்று தாய் சொன்னால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

பிறப்புறுப்பு தெளிவில்லாத குழந்தையை, முதல் மூன்று நாள் உப்பு அளவு சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. உப்பு இழப்பு பெரும்பாலும் முதல் வாரத்தின் கடைசியிலும் இரண்டாம் வாரத்திலும்தான் தெரியவரும். தினமும் எடை பார்ப்பதைவிடச் சிறந்த எச்சரிக்கை எங்களிடம் இல்லை.

பிசியூ_இளையவர் எழுதியது:

மூத்தவர் ஒதுக்கி வைத்த மூன்றாம் வழியைப் பற்றி எழுதுகிறேன். அவரோடு எனக்குள்ள கருத்து வேறுபாட்டையும் மறைக்கவில்லை.

மூளைக்காய்ச்சல் கிருமி இரத்தத்தில் பரவி, உடலெங்கும் ஊதாத் திட்டுகள் தோன்றி, இரண்டு அட்ரினல் சுரப்பிகளுக்குள்ளும் இரத்தம் கசிந்து குழந்தை சில மணி நேரத்தில் இறந்துபோகும் நிலையை 1911இல் வாட்டர்ஹவுஸும் 1918இல் ஃப்ரிடரிக்சனும் விவரித்தார்கள். அது சுரப்பி உண்மையிலேயே அழிந்த நிலை. நாம் அன்றாடம் பார்க்கும் செப்சிஸில் நடப்பது அதுவன்று. சுரப்பி இருக்கிறது, ஆனால் நோயின் தேவைக்கு ஏற்ற அளவு தருகிறதா, தந்தாலும் திசுக்கள் அதைப் பயன்படுத்துகின்றனவா என்பதே கேள்வி. இதற்கு வல்லுநர் குழு ஒன்று 2008இல் ஒரு தனிப் பெயரே வைத்தது. 2017இல் வெளிவந்த திருத்தம், அட்ரினலை ஊசியால் தூண்டிப் பார்க்கும் தூண்டல் சோதனையில் கார்டிசால் 9 மைக்ரோகிராமுக்குக் குறைவாக ஏறுவதையோ, சோதனையின்றி எடுத்த அளவு 10க்குக் கீழே இருப்பதையோ அடையாளமாகக் கொள்ளலாம் என்றது. ஆனால் அந்த வரம்புகள் முக்கியமாகப் பெரியவர்களை வைத்து வந்தவை. கனடாவில் ஏழு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், 9 என்ற ஏற்றத்தை வரம்பாக வைத்தபோது ஏறத்தாழ 30 சதவீதக் குழந்தைகள் 'பற்றாக்குறை' என்ற கட்டத்துக்குள் வந்தார்கள். அவர்களின் தொடக்க அளவோ மற்றக் குழந்தைகளைவிட உயர்ந்திருந்தது. ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடுபவன் சாட்டையைக் காட்டினால் இன்னும் வேகமாக ஓடுவதில்லை. அதற்காக அவனை நொண்டி என்பதா?

ஆகவே மீளாத ஷாக் எல்லாவற்றுக்கும் ஸ்டீராய்டு என்ற விதியை நான் ஏற்பதில்லை. குழந்தைகளின் செப்சிஸுக்காக 2020இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல், சலைனாலும் மருந்துகளாலும் இரத்த ஓட்டம் நிலைபெற்றுவிட்டால் ஹைட்ரோகார்டிசோன் வேண்டாம் என்கிறது. நிலைபெறவில்லை என்றால் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்று மருத்துவரிடமே விட்டுவிடுகிறது. தேவையில்லாமல் கொடுத்தால் சர்க்கரை ஏறும், வேறு தொற்று சேரும். டெங்கு ஷாக்கில் நடப்பது பிளாஸ்மா கசிவு. அங்கே ஸ்டீராய்டால் பயன் கிடைத்ததற்குச் சான்றில்லை. மழைக்காலத்தில் நம் பிரிவுகள் நிரம்பும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் செப்சிஸோடு வந்த குழந்தைக்கு முன்பு ஸ்டீராய்டு எடுத்த வரலாறோ, தோல் கறுப்போ, திரும்பத் திரும்பச் சர்க்கரை இறங்குவதோ, ஊதாத் திட்டுகளோ இருந்தால் நான் ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டேன். மூச்சுக்குழாயில் குழாய் போடும்போது எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைப் பயன்படுத்தினார்களா என்றும் கேளுங்கள். ஒரே ஒரு முறை கொடுத்தாலும் கார்டிசால் உற்பத்தியின் கடைசிப் படியை ஒரு நாள் அளவுக்கு முடக்கி வைக்கும். ரிஃபாம்பிசின், ஃபெனிடோயின் போன்றவை கார்டிசாலை வேகமாகச் சிதைப்பவை. ஓரளவே சுரக்கும் குழந்தைக்கு அவற்றைத் தொடங்கும்போது அதுவரை மறைந்திருந்த குறை வெளியே வரலாம்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, வெள்ளணுக்களின் வகைக் கணக்கு. கடும் நோயில் கார்டிசால் ஏறும்போது ஈசினோஃபில்கள் இரத்தத்திலிருந்து ஏறத்தாழ மறைந்துவிடும். ஷாக்கில் இருக்கும் குழந்தையின் அறிக்கையில் ஈசினோஃபில் 6, 8 சதவீதம் என்று நிற்குமானால், பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்று குறித்துவிட்டுப் போகாமல் கார்டிசாலையும் ஒருமுறை நினையுங்கள். இது தனியாக எதையும் நிறுவாது; செலவில்லாமல் கையில் இருக்கும் ஒரு தடயம், அவ்வளவுதான்.

முதியமருத்துவர்_ஐசியூ எழுதியது:

இளையவர் சொன்ன எச்சரிக்கையை ஏற்கிறேன்; டெங்கு பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் வேறுபடுவது இடத்தைப் பொறுத்து. நல்ல ஐ.சி.யூ.வில் அரை மணிக்கு ஒரு முறை சர்க்கரையும் எக்கோவும் பார்த்துக்கொண்டு 'கொடுக்காமலும் இருக்கலாம்' என்று காத்திருக்க முடியும். தாலுகா மருத்துவமனையில் இரண்டாவது மருந்தும் ஏறிய பிறகு அழுத்தம் கிடைக்காத குழந்தையை மூன்று மணி நேர ஆம்புலன்ஸ் பயணத்துக்கு அனுப்பும் மருத்துவரிடம் நான் அதையே சொல்ல மாட்டேன். ஒரு வேளை மருந்தால் வரும் தீங்கு சிறிது. தவறவிட்டால் வரும் தீங்கு திருத்த முடியாதது. சேர்ந்த இடத்தில் தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம். கொடுத்த நேரத்தையும் அளவையும், முன்னால் எடுத்த சாம்பிள் எங்கே இருக்கிறது என்பதையும் பரிந்துரைச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். அது எழுதப்படாத சீட்டுகள்தான் எனக்கு அதிகம் வருகின்றன.

கேள்வி கேட்டவருக்கு ஒரு சொல்: முதல் ஊசிக்குப் பிறகு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 50 முதல் 100 மி.கி. வரை ஆறு மணிக்கு ஒரு முறையாகப் பிரித்துக் கொடுங்கள். அந்த அளவில் ஹைட்ரோகார்டிசோனே உப்பையும் பிடித்து வைக்கும். உப்பைப் பிடித்து வைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை பால் குடிக்கத் தொடங்கிய பிறகு போதும். பொட்டாசியத்தை இறக்க இன்சுலினுக்கு அவசரப்படாதீர்கள், சர்க்கரை ஏற்கெனவே தரையில் கிடக்கிறது, ஈ.சி.ஜி. மாறியிருந்தால் கால்சியம் குளுக்கோனேட் கொடுத்துவிட்டு, சலைனும் ஹைட்ரோகார்டிசோனும் வேலை செய்ய விடுங்கள். கார்டிசால் கிடைத்ததும் சிறுநீர் பெருகிச் சோடியம் எதிர்பாராத வேகத்தில் ஏறலாம் என்பதால் நான்கு முதல் ஆறு மணிக்கு ஒரு முறை பாருங்கள். ஒரு நாளில் 8 அல்லது 10க்கு மேல் ஏற விடாதீர்கள்.

ஒரு_தாய் எழுதியது:

இங்கே மருத்துவர்கள் பேசும் இடத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு இந்த சி.ஏ.எச். நோய் இருப்பது பிறந்த பன்னிரண்டாம் நாள் தெரியவந்தது; இப்போது அவளுக்கு ஆறு வயது, பள்ளிக்குப் போகிறாள். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் மாத்திரையை இரண்டு மடங்காகவும், 39ஐத் தாண்டினால் மூன்று மடங்காகவும் கொடுக்க வேண்டும், வாந்தி எடுத்து மாத்திரை நிற்கவில்லை என்றால் ஊசிதான் என்று எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உறவினர் திருமணத்துக்காக வெளியூர் சென்றிருந்தபோது அவளுக்கு வாந்தி தொடங்கியது. அருகிலிருந்த மருத்துவமனையில் அட்டையைக் காட்டி, 50 மி.கி. ஊசி போடச் சொல்லிக் கேட்டேன். சோடியம் முடிவு வரட்டும், ஸ்டீராய்டைச் சும்மா போடக் கூடாது என்று சொல்லி இரண்டு மணி நேரம் வைத்திருந்தார்கள். மடியில் கிடந்த பிள்ளை கூப்பிட்டால் கண் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அதன் பிறகு நானும் என் கணவரும் தொடையில் ஊசி போடக் கற்றுக்கொண்டோம்; வயலும் சிரிஞ்சும் எப்போதும் என் கைப்பையில் இருக்கின்றன. ஏற்கெனவே நோய் தெரிந்த குழந்தை வாந்தியோடு வந்தால் முதலில் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு எத்தனை சோதனை வேண்டுமானாலும் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இரவுப்பணி_மருத்துவர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வயது வாரியான அளவை எழுதி எங்கள் அவசரப் பெட்டியின் மூடியில் இன்று ஒட்டிவிட்டோம். ஆய்வகத்தில் உள்ளவரிடமும் பேசினேன். சோடியம் 125க்குக் கீழே வந்தால் சாம்பிள் எப்படி இருந்தாலும் உடனே பணி மருத்துவரை அழைப்பதாக ஏற்றுக்கொண்டார்.

குழந்தை இப்போது 3.9 கிலோ. மாத்திரையைப் பொடித்துக் கரைத்துப் பாலாடையில் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு கிராம் உப்பைப் பிரித்துப் பாலோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். மூத்தவர் கேட்கச் சொன்ன அந்த இரண்டு கேள்விகளை நான் அன்றிரவு கேட்கவில்லை. பிறகு கேட்டபோது, தாய்மாமனைத்தான் மணந்திருக்கிறார் என்றும், இவனுக்கு முன் பிறந்த ஆண் குழந்தை இருபதாம் நாள் கக்கிக் கக்கி இறந்ததாகவும் தாய் சொன்னார். நேற்று மருந்து வாங்க வந்தவர், 'மூத்தவனுக்கும் இதுதானா, டாக்டர்?' என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் மீண்டும் வருவார். என்ன சொல்வது?

முதியமருத்துவர்_ஐசியூ எழுதியது:

தெரிந்ததைச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும், அந்தக் குழந்தையின் இரத்தம் எங்கும் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லுங்கள். அவர் கொடுத்த பாலாலோ, கொடுக்காமல் விட்ட எதனாலோ அந்தக் குழந்தை இறக்கவில்லை என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கணவர் வீட்டாரும் உடன் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்த கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு; இரண்டு குழந்தைகளுக்கு வந்துவிட்டது, இனி வராது என்று கணக்குப் போட வேண்டாம் என்று விளக்குங்கள். இந்தக் குழந்தைக்கும் பெற்றோருக்கும், இந்த நோய்க்குக் காரணமான சி.ஒய்.பி.21ஏ2 மரபணுச் சோதனையை அடுத்த கருவுக்கு முன்பே முடித்து வைத்திருந்தால், கருவிலேயே பார்ப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் அவசரமில்லாமல் முடிவு செய்யலாம். எப்படியானாலும் அடுத்த குழந்தை பிறந்த மூன்றாம் நாள் 17-ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் சோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டும் என்று தாயின் பிரசவ அட்டையில் நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.